லேப்காரம்மா வீட்டு வயிறு

அவள் குழாயைத் திறப்பது சுண்டுவிரலால். மூடுவது முழங்கையால். இடையில் நடப்பதைப் பார்க்கப் பொறுமை வேண்டும். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்குகள், கட்டைவிரலுக்கென்று தனியாக ஒரு திருகு. நகக்கண்களுக்கு ஒரு பழைய பல் பிரஷ் உண்டு. யாரும் மறந்துபோய் வாயில் வைத்துவிடக் கூடாதென்று அதன் கழுத்தில் சிவப்பு நூல் கட்டி ஆணியில் மாட்டியிருப்பாள். கழுவி முடித்ததும் இரண்டு கைகளையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள். தண்ணீர் முழங்கை வழியாகச் சொட்டும். அந்த முழங்கையாலேயே குழாயைத் தட்டி மூடுவாள். அதற்காகவே வீட்டுக் குழாய்க்கு நீளப் பிடி போட வைத்திருந்தாள். உறவுக்காரர் வீடுகளில் எல்லாம் திருகு குழாய். அங்கே கைகளைத் தூக்கிக்கொண்டு, போலீஸ் வளைத்துக்கொண்டவள் மாதிரி நின்று, "யாராவது வந்து இதை மூடுங்க" என்று குரல் கொடுப்பாள்.

"அண்ணி வந்தாச்சு. குழாய்க்கு ஒரு ஆள் போடுங்க" என்பாள் நாத்தனார்.

ஒரு டாக்டரின் கிளினிக்குக்குப் பின்னால் இருந்த சின்னப் பரிசோதனைக்கூடத்தில் அவளுக்கு வேலை. ரத்தம், சிறுநீர் எல்லாம் மற்றவர்கள் பார்த்தார்கள். மலம் மட்டும் அவள் மேசைக்கு வரும். மற்றவர்கள் மூக்கைச் சுளித்துத் தள்ளிவிட்டதை அவள் ஏற்றுக்கொண்டு, நாளடைவில் அதில் கெட்டிக்காரியும் ஆகிவிட்டாள். கண்ணாடிச் சில்லில் ஒரு சொட்டு உப்புத் தண்ணீர், குச்சி நுனியில் துளி, மேலே மெல்லிய மூடி. பிறகு இரண்டு கண்ணையும் திறந்தபடியே மைக்ராஸ்கோப்பில் குனிவாள். ஜனங்கள் சாம்பிளைத் தீப்பெட்டியில் கொண்டுவந்தார்கள், காபித்தூள் பாட்டிலில் கொண்டுவந்தார்கள். ஒருவர் மோதிரப் பெட்டியில் கொண்டுவந்து, பெட்டியைத் திருப்பித் தரச் சொன்னார். எதற்கும் அவள் முகம் மாறியதில்லை. தெருவில் அவளுக்கு லேப்காரம்மா என்று பெயர். எதிரே வருகிறவர்களில் பாதிப் பேர் அவளைக் கண்டால் வேறு பக்கம் பார்ப்பார்கள். தங்கள் வயிற்றை அறிந்தவள் என்ற கூச்சம்.

ஊரார் வயிற்றையெல்லாம் பார்த்தவளுக்குப் பார்க்கக் கிடைக்காத ஒரே வயிறு, அவள் வீட்டுக்காரருடையது.

அவர் நாற்றுக்காரர். தெருக்கோடியில் பச்சை நிழல்வலை போட்டு, கறுப்புப் பைகளில் மண் நிரப்பி, பழமரக் கன்றும் பூச்செடியும் விற்றார். மண்ணையும் எருவையும் காலால் மிதித்துக் கலப்பார். செருப்பு போடமாட்டார். கேட்டால், "செருப்பு போட்டா மண்ணு ஈரமா, காஞ்சதான்னு எப்படித் தெரியும்?" என்பார். விடுமுறை நாளில் அவளும் போய் பை நிரப்புவாள். சேற்றில் செருப்பு புதைந்து வார் அறுந்துவிடும் என்பதால் அவளும் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் நிற்பாள்.

மழைக்காலம் முடிந்த கையோடு அவருக்கு உடம்பு இறங்க ஆரம்பித்தது. சட்டைக்குள் சட்டையாகத் தொங்கினார். மாடிப்படியில் பாதியில் நின்று, சுவரில் ஏதோ விரிசலை ஆராய்வதுபோலப் பாவனை செய்தார். அரிசி டப்பா சீக்கிரம் சீக்கிரமாகக் குறைந்தது. ஒருநாள் அவர் சட்டையைத் துவைக்கப் போட உதறியபோது பையிலிருந்து பச்சரிசி கொட்டியது. வாயில் போட்டு மெல்லுகிறார், ரத்தம் குறைந்தவர்களுக்கு வரும் ஆசை அது என்று தெரிந்துகொண்டாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவரின் கீழ்இமையை விரலால் இழுத்துப் பார்த்தாள். உள்ளே வெளுத்துக் கிடந்தது.

"கண்ணை ஏன் பிடுங்குற?"

"ரத்தமே இல்ல. கொக்கிப்புழு. மண்ணுலருந்து கால் வழியா ஏறி, வயித்துல உக்காந்து ரத்தத்தைக் குடிக்குது. ஒரு மாத்திரையில போயிடும்."

"டப்பாவும் இல்லாம, கண்ணாடியும் இல்லாம, என்ன புழுன்னு பேரு வரைக்கும் சொல்றியே, டாக்டரம்மா. எப்படி?"

"எனக்குத் தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"தெரியும்னா தெரியும்."

அவர் பேப்பரை மடித்து வைத்தார். செடிக்குப் பூச்சிமருந்து அடிப்பதை அவர் விட்டுப் பல காலம் ஆகியிருந்தது. விட்டதில் அவருக்கு ஒரு பெருமை. வாடிக்கையாளர்களிடம் அதையே சொல்லி விற்பார். "செடிக்கே விஷம் வேண்டாம்னு நிறுத்தினவன், என் வயித்துக்கு அடிச்சுக்கணுமா? புழு இருக்குன்னு முதல்ல காட்டு. காட்டினா மாத்திரையைப் பத்திப் பேசுவோம். அதுவரைக்கும் எனக்குத் தெரிஞ்ச வைத்தியம் இருக்கு."

"காட்டுறதுக்கு நீங்க டப்பா குடுக்கணும்."

"உன் ஆபீஸ்லயா? என் மானத்தை டப்பால போட்டு வரிசையில வெக்கச் சொல்றியா? நாளைக்கு அந்த சீட்டு எழுதுற ஆளு என் கடைக்கு ரோஜாச்செடி வாங்க வருவான். நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு அவனுக்குப் பை கட்டிக் குடுக்கிறது?"

"இதுல என்னங்க வெக்கம்? எல்லாருக்கும் வயிறுதான்."

"சரி, பக்கத்து ஊர் லேபுல குடுக்கறேன்."

இந்த இடத்தில் அவள் சரி என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். சொல்லவில்லை. மூஞ்சி சிவந்துவிட்டது. "நான் ஒருத்தி இங்க குத்துக்கல்லாட்டம் இருக்கேன். இத்தனை பேருக்குப் பாக்கறேன். என் வீட்டுக்காரரு பஸ் ஏறிப் போயி வேற எவகிட்டயோ குடுப்பாரா? நாலு பேரு என்ன நினைப்பாங்க, இவளுக்கு ஒண்ணும் தெரியாதுன்னுதானே? குடுத்தா எங்க லேப்ல குடுங்க. வெக்கப்படுறது படிக்காத ஜனங்க செய்யற வேலை."

"அப்ப நான் எங்கயும் குடுக்கல" என்று அவர் எழுந்து போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அடுப்படி அவர் கைக்குப் போனது. காலையில் பாகற்காய்ச் சாறு. பிறகு வேப்பங்கொழுந்து ஒரு உருண்டை. பச்சைப்பூண்டு. பூசணி விதையை வறுத்து ஒரு கிண்ணம். எல்லாவற்றுக்கும் மேலே பப்பாளி விதை. காயவைத்து அரைத்தால் மிளகுபோலக் காரமாக இருக்கும் என்பதால், வாழைப்பழத்தைப் பிளந்து, நடுவில் பொடியைத் திணித்து, கண்ணை மூடிக்கொண்டு விழுங்குவார். மிக்ஸி ஜாரில் பாகற்காய் நாறியது. அவள் போட்ட டீயில் பூண்டு நாறியது. ஜன்னல் விளிம்பு முழுக்கப் பப்பாளி விதை எறும்புக்கூட்டம் மாதிரிக் காய்ந்துகொண்டிருந்தது. வேலைவிட்டு வந்து, சிவப்பு நூல் பிரஷால் நகத்தைத் தேய்த்து, கையைத் தூக்கிக்கொண்டு அடுப்படிக்குள் நுழைந்தால், அவர் மண் ஒட்டின விரலாலேயே விதையைக் கிளறிக்கொண்டிருப்பார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"கையைக் கழுவிட்டாவது அந்த வைத்தியத்தைப் பண்ணக் கூடாதா?"

"இது சுத்தமான மண்ணு."

பொறுக்க முடியாமல் டாக்டரிடமே போய்ப் புலம்பினாள். டாக்டர் நிதானமானவர். "பப்பாளி விதையை அடியோட ஒதுக்கவும் முடியாதும்மா. சின்ன அளவுல சில ஆராய்ச்சி செஞ்சிருக்காங்க. ஆனா எந்தப் புழுவுக்கு, எவ்வளவு, எத்தனை நாளைக்குன்னு உறுதியா யாருக்கும் தெரியாது. அவருக்கு ரத்தம் குறையுதுன்னா காத்திருக்கறது தப்பு. எதைச் சாப்பிட்டாலும் சரி, முட்டை இருக்கா போச்சான்னு சாம்பிள்லதான் தெரியும்" என்றார்.

இதை அவள் நாத்தனாரிடம் சொல்லித் தொலைத்தாள். நாத்தனார் நாற்றுக்கடையில் அண்ணனுக்கு உதவியாக இருப்பவள். டாக்டரின் பேச்சு தெருவைக் கடந்து நிழல்வலைக்குக் கீழே போய்ச் சேர்வதற்குள் அதன் பின்பாதி எங்கோ விழுந்துவிட்டது.

"பெரிய டாக்டரே பப்பாளி விதைன்னு சொல்லிட்டாராமே" என்று அன்று சாயந்திரம் அவர் ஒரு கிண்ணம் பூசணி விதையை அவள் முன்னால் நகர்த்தினார். "எடுத்துக்க. உனக்கும் நல்லது."

அவள் எழுந்து போய், கை சுத்தமாக இருந்தபோதே இன்னொரு முறை கழுவினாள்.

பிறகு அந்த பாட்டில் வந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தவளின் தட்டுக்குப் பக்கத்தில், பழைய ஜாம் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். தண்ணீரில் கறுப்பாக, மயிர் கனத்தில், துண்டு துண்டாக ஏதோ மிதந்தது.

"பாத்துக்க. வெளியேறிட்டாங்க. எல்லாரும் குடும்பத்தோட."

"சாப்பாட்டு மேசையிலயா இதைக் கொண்டாந்து வெக்கறது?"

"கழுவித்தான் போட்டிருக்கேன்."

அவள் பாட்டிலை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். இதே சரக்கு வாரம் தவறாமல் அவள் மேசைக்கு வருவதுதான். குழந்தைக்குப் பூச்சி என்று பதறி ஓடிவரும் தாய்மார்கள் கொண்டுவருவது. "இது வாழைப்பழ நாருங்க. பழத்துக்கு நடுவுல இருக்கற நார் செரிக்காம இப்படிக் கறுத்து வரும். மருந்தை எதுல வெச்சு முழுங்கினீங்களோ, அதுதான் வந்திருக்கு."

"நாரு நெளியுமா?"

"நெளிஞ்சுதா?"

"நெளிஞ்ச மாதிரி இருந்துச்சு."

"மாதிரி."

"உனக்குப் பொறாமை. கண்ணாடியில பாக்கறதை நான் கண்ணால பாத்துட்டேன்ல, அதான்."

அதன்பிறகு அந்த பாட்டில் அவரோடு கடைக்குப் போனது. விதைப் பொட்டலங்களுக்குப் பக்கத்தில் அதற்கு ஒரு இடம். செடி வாங்க வந்தவர்கள் செடியை விட்டுவிட்டு அதைப் பார்த்தார்கள். எத்தனை பழம் தின்றாரோ அத்தனைக்குப் பாட்டில் நிறைந்தது. நிறைய நிறைய அவருக்கு நம்பிக்கை ஏறியது. மருந்தே தன் சாட்சியையும் தயார் பண்ணிக் கொடுத்தால் யாரால் என்ன செய்ய முடியும்? அவள் எதிர்த்துச் சொன்னதெல்லாம் வீட்டுக்காரி சொல் ஆகிப்போனது. ஊரில் அவள் பார்த்துச் சொன்னால் டாக்டர் மறுபேச்சில்லாமல் மருந்து எழுதுவார். சொந்த வீட்டில் ஒரு வாழைப்பழத்தை ஜெயிக்க முடியவில்லை.

அவர் முகம் மட்டும் நாளுக்குநாள் காகிதமாகிக்கொண்டிருந்தது.

ஒருநாள் மத்தியானம் நாத்தனார் போன் பண்ணினாள். "அண்ணி, பதறாதீங்க. அண்ணன் எலுமிச்சைத் தொட்டியைத் தூக்கினாரு. அப்படியே உக்காந்துட்டாரு. தொட்டி போச்சு. பேசறாரு, ஆனா கண்ணு எங்கயோ பாக்குது."

அவள் ஒரு கையில் ரப்பர் கையுறையோடு தெருவில் ஓடினாள். கழற்ற மறந்த அந்த உறையைப் பார்த்து எதிரே வந்தவர்கள் விலகி வழிவிட்டார்கள். அவர் மண்மூட்டை மேல் சாய்ந்திருந்தார். காலடியில் தொட்டி உடைந்து, கன்று வேரோடு கிடந்தது. நாத்தனார் தண்ணீர்ச் செம்போடு நின்றாள்.

"ஒண்ணுமில்ல. வெயிலு" என்றார்.

"வலைக்குக் கீழ என்னங்க வெயில்?"

"பூச்சி மொத்தமா வெளியேறும்போது கொஞ்சம் களைப்பு வரத்தான் செய்யும்."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. ஆத்திரம்தான் முதலில் வெளியே வந்தது. "மொத்தமா வெளியேறப் போறது நீங்கதான். அப்புறம் நான் அந்த பாட்டிலைக் கட்டிக்கிட்டு அழணும்" என்றாள். சொன்ன பிறகு சத்தம் தணிந்தது. உடைந்த தொட்டியின் ஓட்டுத் துண்டுகளைக் கொஞ்ச நேரம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். "சரி, ஒண்ணு செய்யலாம். பாட்டிலை எடுங்க. லேபுக்கு வாங்க. சாப்பாட்டு நேரம், அங்க யாரும் இருக்கமாட்டாங்க. நான் வாயைத் திறக்கமாட்டேன், நீங்களே உங்க கண்ணால பாருங்க. புழுவா இருந்தா, இனிமே ஆயுசுக்கும் இதைப் பத்தி ஒரு வார்த்தை பேசமாட்டேன்."

சவால் அவருக்குப் பிடித்திருந்தது. பாட்டிலைத் துணிப்பையில் வைத்து, ஒரு கையால் அடியைத் தாங்கியபடி, தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். போட்டியில் வாங்கிய கோப்பையைக் கொண்டுபோவதுபோல இருந்தது. கிளினிக் வாசலில் தங்கையைத் திருப்பி அனுப்பிவிட்டார்.

அறையில் காற்றாடி மட்டும் கடகடத்துக்கொண்டிருந்தது. காலையில் வந்த டப்பாக்கள் தட்டில் வரிசையாக நின்றன. அவர் அந்தப் பக்கம் பார்க்காமல் பார்த்தார். அவள் பாட்டிலிலிருந்து ஒரு துண்டை இடுக்கியால் எடுத்து, சில்லில் வைத்து, மூடி, வெளிச்சத்தைச் சரிசெய்து, நாற்காலியை அவருக்கு விட்டுக்கொடுத்தாள். அவர் முதலில் தவறான கண்ணை மூடினார். பிறகு தன் இமை மயிரையே பார்த்துவிட்டு, "அய்யோ, எவ்வளவு பெருசு" என்றார். அவள் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருக்க உதட்டைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மெல்ல மெல்ல அவர் அசைவு அடங்கியது.

"ஸ்பிரிங் மாதிரி இருக்கு" என்றார் கடைசியில். "சுருள் சுருளா. கம்பியைச் சுத்தி வெச்ச மாதிரி."

அவள் வெளிச்சத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினாள்.

"புழுவுக்குள்ள சுருள் இருக்குமா?"

அவர் நிமிர்ந்து சுவரைப் பார்த்தார். சட்டைப்பைக்குள் கையை விட்டார். மத்தியான மருந்துக்காக வைத்திருந்த வாழைப்பழம் இருந்தது. உரித்தார். கன்று ஒட்டுக்கட்டும் விரல்கள். பழத்தை நடுவில் பிளந்து, ஒற்றை நாரை நகத்தால் உரித்தெடுத்து நீட்டினார். அவள் இன்னொரு சில்லை வைத்தாள். அவர் ஒன்றைப் பார்த்தார், மற்றதைப் பார்த்தார், திரும்பவும் முதலாவதைப் பார்த்தார்.

"வாழை மட்டையை முறிச்சா, ரெண்டு துண்டுக்கும் நடுவுல பட்டுநூலு மாதிரி இழுத்துக்கிட்டு நிக்கும். தினம் பாக்கறேன். அதே சுருள்தான் இது" என்றார் யாரிடமோ சொல்வதுபோல. பிறகு, "இத்தனை நாளா பாட்டில்ல வாழைப்பழத்தையா வளத்தேன்?"

நான்தான் அன்றைக்கே சொன்னேனே என்பது அவள் பல் வரைக்கும் வந்தது. உறை போட்ட கையால் மேசையில் இல்லாத தூசியைத் தட்டினாள். அவர் முகத்தைப் பார்த்தபோது அந்த வாக்கியம் எங்கோ கரைந்துவிட்டது. தோற்றவர் முகம்கூட இல்லை அது. களைத்த முகம். இவ்வளவு நாளும் அந்த பாட்டில்தான் அவரை நிமிர்த்தி வைத்திருந்தது.

"வேணும்னா பக்கத்து ஊர் லேபுக்கே கொண்டு போங்க. நான் ஒண்ணும் நினைக்கல" என்றாள்.

அவர் டப்பாக்களின் வரிசையை இப்போது நேராகவே பார்த்தார். "வேண்டாம். அதுல ஒண்ணு குடு. நீயே பாரு. பேரு மட்டும் எழுதாத."

"எழுதாம எப்படிங்க? மாறிப்போயிடும்."

"நாத்துன்னு எழுது."

மறுநாள் காலை 'நாற்று' என்று ஒட்டிய டப்பா தட்டில் மற்றவற்றோடு நின்றது. சீட்டு எழுதுகிறவர் அதைப் பார்த்து, செடிக்கெல்லாமா சோதனை என்று கேட்டார். அவள் ஒரு பார்வை பார்த்தாள். அவர் தன் வேலையைப் பார்க்கப் போனார். சில்லை நகர்த்தியவுடனேயே தெரிந்தது. மெல்லிய தோலோடு, கண்ணாடி மாதிரித் தெளிந்த முட்டைகள். நித்தம் பார்ப்பதுதான். ஆனாலும் அன்று வேறு ஓரத்திலிருந்து இன்னொரு துளி எடுத்து, இல்லாமல் இருக்காதா என்று தேடினாள். அங்கேயும் இருந்தன.

மாத்திரையை அவர் முணுமுணுத்துக்கொண்டு விழுங்கினார். ரத்தம் ஊற டாக்டர் எழுதிக்கொடுத்த இரும்புச்சத்து மாத்திரையை அதைவிட அதிகமாக முணுமுணுத்துக்கொண்டு விழுங்கினார். ரப்பர் காலணிக்கு ஒரு பெரிய சண்டை நடந்தது. போட்டுக்கொண்டார், மண் பேசுவது நின்றுபோனதாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் முறையிட்டார். அரிசி டப்பா குறைவது நின்றது. மாடிச்சுவரின் விரிசல்களில் அவருக்கு அக்கறை போய்விட்டது. டாக்டர் சொன்ன தவணைக்கு இன்னொரு டப்பா வந்தபோது அதில் முட்டை இல்லை.

இதெல்லாம் நடந்த பிறகும் அவர் செடி வாங்க வந்த ஒருவரிடம், "மாத்திரை ஒரு பக்கம் இருக்கட்டும், பூசணி விதையும் கொஞ்சம் கைகொடுத்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்ததை அவள் கேட்டாள். அந்த ஜாம் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, அதை மூன்று சோப்பு போட்டுக் கழுவி, பிறகு மனசு ஒப்பாமல் தூக்கி எறிந்தாள். முழங்கையால் குழாயை மூடிய வேகத்தில் அந்த நீளப் பிடி ஆடிப்போனது.

நாத்தனார் இதைச் சொன்னது வெகுகாலம் கழித்து, கடையில் மழைக்கு ஒதுங்கி நின்ற ஒருவரிடம். அண்ணனுக்கு உடம்பு இறங்குவதற்கு முன்னாலேயே, அதே மழைக்காலத்தில், அண்ணி ஒருநாள் அவள் வீட்டுக்கு வந்தாளாம். உன் பேரைக் கொஞ்சம் கடன் குடு என்று கேட்டாளாம். இருவரும் பஸ் ஏறிப் பக்கத்து ஊர் லேபுக்குப் போய், நாத்தனார் பெயரில் ஒரு டப்பாவைக் கொடுத்துவிட்டு வந்தார்கள். முட்டை இருந்தது. மாத்திரையை அண்ணி நாத்தனார் வீட்டு அடுப்படியில் நின்றபடியே விழுங்கினாள். அண்ணனிடம் மூச்சுவிடக் கூடாதென்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.

அந்த லேபில் இருந்த பெண் சும்மா பேச்சுக்கு, நீங்க என்ன வேலை பண்றீங்க என்று கேட்டாளாம். அண்ணி தலையைக் குனிந்துகொண்டு, "நாத்து விக்கறோம்" என்றாளாம்.